கை நனையாத விருந்து

கொல்லிமலை, 2025 பிப்ரவரி 9, ஞாயிறு பகல். சோளக்காட்டுச் சாலையில் உள்ள ஒரு விடுதியின் மொட்டை மாடியில், பிரெஞ்சு, ரஷ்ய உணவகம். ஓரத்து மேசையில் குண்டனி நாட்டு விவசாயி செங்கோடன், அவர் மனைவி இருசாயி.

— அதனாலதான் சொல்றேன் இருசாயி, நீ தின்னு. நாந் தின்ன மாட்டேன்.

— ஏனுங்க, இத்தன பேரு பாக்கற எடத்துல வந்து உக்காந்துட்டு பட்டினி கெடப்பீங்களா?

— பொண்ணு பாக்கப் போன ஊட்ல கை நனைச்சா சம்மதம்னு அர்த்தம். எனக்கு இன்னும் சம்மதம் வரல.

— இது ஓட்டலுங்க. பொண்ணு ஊடு இல்ல.

— சமைக்கறது அந்தப் புள்ளதான? அப்ப இதுதான் பொண்ணு ஊடு. மூணாவது மாடில இருந்தா ஊடு இல்லேன்னு ஆயிருமா?

— உங்க மவன் கோகுலு கீழ ஜீப்புல உக்காந்து நகத்தக் கடிச்சிக்கிட்டிருக்கான்.

— கடிக்கட்டும். கோவாவுல ரஷ்யாக்காரனுக்கு ஆக்கிப் போட்ட புள்ள, நம்மூட்டுக்கு வந்தா மொளகு பறிக்குமா?

— அந்தப் புள்ளதான் வருது. மொகத்தக் கொஞ்சம் நல்லா வெச்சுக்கங்க.

— வணக்கமுங்க ஐயா, வணக்கமுங்கம்மா. மேகலாங்க, அரியூர் நாடு. இது ரஷ்யா சூப்புங்க.

— என்ன கண்ணு, ரத்தமாட்ட இருக்குது?

— பீட்ரூட்டுங்க ஐயா. மேல மெதக்கறது புளிச்ச பாலாட. ஆறறதுக்குள்ள சாப்புடுங்க, அடுத்தது எடுத்துட்டு வாரேன்.

— போயிருச்சு. பாத்தீங்களா, எத்தன பதவிசா பேசுது? கரண்டி, கத்தி, முள்ளுன்னு அடுக்கி வெச்சிருக்குது பாருங்க.

— இரு, இரு. கரண்டில தின்னா கை நனையாதுல்ல?

— அதெப்படி நனையும்?

— அப்பத் தின்னலாம். தப்பில்ல.

— அதுக்குள்ள கிண்ணத்தக் காலி பண்ணிட்டீங்களே.

— தொண்டைக்கு எதமா இருந்துச்சு. அவ்வளவுதான். சம்மதம் வேற, சூப்பு வேற.

— இது தெனைங்க ஐயா. ரஷ்யாக்காரங்க பாலும் வெண்ணெயும் போட்டு வேக வெப்பாங்க, கஷான்னு பேரு. இந்தத் தட்டுல இருக்கறது பிரெஞ்சுக்காரங்க தோச. உள்ள நம்ம மல வாழப்பழமும் தேனும்.

— தெனைல வெண்ணெயா? எங்கூட்ல நான் ஒரு நாளும் கண்டதில்லயே.

— மாட்ட வித்தது யாருங்க? இப்ப வெண்ணெ கேக்கறீங்க.

— சும்மா இரு புள்ள. இந்தத் தோச வேற முள்ளுக்குச் சிக்க மாட்டேங்குது.

— கைல எடுத்தா ஒரே வாயிங்க.

— என்னைய மாட்டி உடப் பாக்கறயா இருசாயி? முள்ளாலயே முடிப்பேன்.

— முடிச்சிட்டீங்க. மீசைல தேனு.

— இது என்ன கண்ணு கிண்ணம்? எலுமிச்சந் துண்டு மெதக்குது. ரசமா?

— கை கழுவறதுக்குங்க ஐயா. சுடுதண்ணி.

— நாந்தான் கையால தொடவே இல்லயே.

— பாத்தேனுங்க. கதவுக்குப் பின்னால நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். வேண்டாம்னா எடுத்துட்டுப் போயிர்றேனுங்க.

— கேளுங்க, அது மொகத்தப் பாத்துக் கேளுங்க. அப்பறம் ஜீப்புல ஏறிப் பொலம்பக் கூடாது.

— கேக்கறேன். கல்யாணமாயி வந்தா, இந்த வேலைய உட்ருவியா கண்ணு?

— உட மாட்டேனுங்க ஐயா.

— யோசிச்சுச் சொல்லு.

— யோசிச்சாச்சுங்க. கோகுல்கிட்டயும் சொல்லிட்டேன்.

— மொளகு பறிப்பு வந்தா?

— பறிப்புக்கு லீவு போட்ருவேன். எங்கூட்லயும் கொடி இருக்குதுங்க, எனக்கு ஏணி புதுசில்ல.

— ஒத்த மூங்கில் ஏணி. வழுக்கும்.

— தட்டோட இந்த மாடிப்படி ஏறிப் பாருங்கய்யா, அப்பறம் சொல்லுங்க எது வழுக்குதுன்னு.

— வாயி இருக்குது.

— இருக்கட்டுங்க, நம்மூட்ல உங்ககிட்டப் பேச ஒரு ஆளு வேண்டாமா? நான் பேசிப் பேசி ஓஞ்சாச்சு.

— எலுமிச்ச வாசம் நல்லாத்தான் இருக்குது. தண்ணி ரொம்பச் சுடுமா கண்ணு?

— கை பொறுக்கற சூடுதானுங்க.

— ஏனுங்க... ஏனுங்க, ரெண்டு கையும் உள்ள உட்டுட்டீங்க.

— தெரிஞ்சுதான் உட்டேன். துண்டு எங்க கண்ணு?

— இந்தாங்க, மாமா.

— அலோ, கோகுலு? நகத்தக் கடிச்சது போதும் சாமி, மேல வா. உங்கப்பா கை நனைச்சிட்டாரு.