குழாயில் நின்ற மூச்சு

பெயிண்ட்பால் துப்பாக்கியில் முக்கால்வாசிக் கோளாறு அழுக்கினால் வருவதுதான் சார். கோலி அளவு பெயிண்ட் உருண்டை உள்ளேயே உடைந்து பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். கழற்றித் துடைத்து, ரப்பர் வளையத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சொன்னபடி கேட்கும். திடலுக்கு வந்து ஒருவரையொருவர் சுட்டு விளையாடுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அதற்குத்தான் தகரக் கொட்டகையில் நான் இருந்தேன்.

சின்னவன் என் தம்பி. அப்பா அம்மா போனபின் கல் சுமந்து, மூட்டை தூக்கி அவனை வளர்த்தேன். வளர்ந்ததும் அதே திடலில் நடுவராகச் சேர்த்துவிட்டேன். ஆட்டம் முடிந்தால் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கூடமாட வேலை செய்வான். நல்ல கை. வாய் அதைவிட நீளம்.

"நல்லவேளை அண்ணே, நீ கல்யாணம் கட்டல. அந்தப் பொண்ணையும் கழட்டித் துடைச்சு எண்ணெ விட்டிருப்பே" என்பான்.

நானும் சிரிப்பேன். பிறகு அவன் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். திடலில் சீட்டுக் கொடுக்கும் பெண். வேறு ஊரில் அவனுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது. "மாசத்துக்கு ஒருவாட்டி வந்து பார்த்துட்டுப் போறேண்ணே" என்றான். மாதம் ஒருமுறை பார்க்க நான் என்ன வீட்டுச் சொந்தக்காரனா சார்?

காற்று உருளையைக் கழற்றினால் துப்பாக்கி செத்துவிட்டது என்று எங்கள் தொழிலில் பலர் நினைப்பார்கள். குழாயில் ஒரு மூச்சு மிச்சம் நிற்கும். ஒரு உருண்டையைத் தள்ள அது போதும். அதனால் கழற்றியபின் தரையைப் பார்த்து ஒருமுறை சுட்டுவிட வேண்டும். சின்னவன் அவசரக்குடுக்கை. சுடாமலே முனையில் கண்ணை வைத்து உள்ளே பார்ப்பான். ஆண்டுக்கணக்கில் அதற்காகத் திட்டியிருக்கிறேன். அந்தச் சேதி சொன்ன பிறகு திட்டுவதை நிறுத்தினேன். ஒரு துப்பாக்கியில், காற்றைத் திறந்துவிடும் சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொண்டியை, லேசாகத் தட்டினாலும் நழுவும்படி தேய்த்து வைத்தேன். "உள்ள உடைஞ்சிருக்கான்னு பாரு" என்று, உருளையை மட்டும் கழற்றி அவனிடம் நீட்டினேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இடது கண் போயிற்று. அவனுடைய கவனக்குறைவு என்று எல்லோரும் சொன்னார்கள், அவனும் சொன்னான்.

ஒற்றைக் கண்ணனை யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று நினைத்தேன். எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அவளும் விலகவில்லை. "இனிமே குறி பார்க்க ஒரு கண்ண மூட வேண்டியதில்லண்ணே" என்று கட்டுப்போட்ட முகத்தோடு சிரித்தான்.

அதன்பிறகு முகமூடி இல்லாமல் கொட்டகைக்குள்கூட வரமாட்டான். முகமூடிகளைச் சரிபார்ப்பதும் என் வேலைதான். அவனுடையதில் கண்ணாடியைக் கவ்வும் கொக்கியை அரத்தால் பாதி ராவினேன். ஊருக்குக் கிளம்புமுன் அவனுக்காகக் கூட வேலை செய்கிறவர்கள் ஓர் ஆட்டம் வைத்தார்கள். அவள் அதுவரை துப்பாக்கி பிடித்ததில்லை. நானே ஒன்று எடுத்துக் கொடுத்தேன். உருண்டையின் வேகத்தை அளந்து எல்லோருக்கும் காட்டியபின் பின்பக்கத் திருகை உள்ளே இறுக்கியிருந்தேன். வில் இறுகினால் உருண்டை கல்லாக வரும்.

"முகமூடியப் பார்த்துச் சுடும்மா. அதுலதான் அழகாத் தெறிக்கும்" என்றேன்.

அவன் கையை விரித்துக்கொண்டு நின்றான். "அடி, இப்பவே பழகிக்க" என்றான். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே சுட்டாள். முதல் உருண்டையில் கண்ணாடி பெயர்ந்தது. புதிதாகச் சுடுகிறவர்கள் ஒன்றோடு நிறுத்துவதில்லை. அது எனக்குத் தெரியும்.

அவள் தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்குள் முடங்கினாள். எங்கள் வீட்டில் சில வாரம் நிம்மதியாக இருந்தது. நான் ஊட்டிவிட்டேன், முகம் மழித்துவிட்டேன். தெருவில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பான், சின்ன வயதில் நடந்த மாதிரியே.

நேற்றுச் சாப்பிடும்போது அந்த முகமூடியைக் கேட்டான். கொடுத்திருக்கக் கூடாது. கட்டைவிரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தவன் கொக்கியில் நின்றான்.

"அண்ணே, இது உடைஞ்சதில்ல. பாதி ராவியிருக்கு."

அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

"அந்த முதல் துப்பாக்கியும் நீதானா?"

"சாப்பிடு, ஆறிப்போகுது" என்றேன்.

தட்டைத் தள்ளிவிட்டான். தடவித் தடவிப் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டான். அவள்தான் அவனை உங்களிடம் கூட்டி வந்தாள்.

ஆமாம் சார், இரண்டு கண்ணையும் நான்தான் எடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்ததில்லை என்பதையும் எழுதுங்கள். வெளியே பெஞ்சில் அவளோடு உட்கார்ந்திருக்கிறான். என் குரல் கேட்டால் எழுந்து தள்ளிப் போகிறான், சின்னப்பிள்ளைக் கோபம். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். அவனை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். அவளுக்கு அவனைக் கைபிடித்து நடத்தத் தெரியாது.