பெண் பார்க்க வந்த வீட்டில் நாய்

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோ. எனக்கு எதிரே இரண்டு பெண்கள்.

“பொண்ணு பாக்க வந்தவங்க நாயைப் பாத்துட்டுப் போய்ட்டாங்க” என்றார் நீலப் புடவைக்காரர்.

பக்கத்திலிருந்தவர் சிரித்தார். “அந்தக் கன்னுக்குட்டி சைசு நாயா? கட்டி வெச்சிருக்கக் கூடாதாக்கா?”

“இன்னாத்துக்குக் கட்டணும்? அது பாட்டுக்கு வாசப்படில படுத்துகினு இருந்துச்சு. குரைக்கக்கூட இல்ல.”

எவனோ ஆசைக்கு வாங்கி, வளர்ந்ததும் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் அவிழ்த்துவிட்டுப் போன கிரேட் டேன் ஜாதி நாயாம். மகள்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தாளாம். அந்த எவனோ என் கையில் சிக்க வேண்டும்.

“அப்புறம் இன்னா ஆச்சு?”

“மறுநாள் மாப்ளயோட அம்மா போன் பண்ணுச்சு. பொண்ணைப் புடிச்சிருக்கு, நாயை மட்டும் வேற யாருக்காவது குடுத்துடுங்கன்னுச்சு. நல்ல எடம். நான் சரின்னே சொல்லியிருப்பேன்.”

“சொல்லலியா?”

“எங்க உட்டா? போனைப் புடுங்கிக்கினா. ‘ஒருவாட்டி தொரத்துனதை நான் மறுபடி தொரத்த மாட்டேன். உங்க புள்ளைய வேற யாருக்காவது குடுத்துடுங்க’ன்னுட்டா.”

ஆட்டோவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

“என் பொண்ணுடி அவ.”