மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே

உங்கள் கழுத்தில் தொங்கும் அட்டையில் இருக்கிற படத்தை யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை, மேடம். இடது கன்னத்தில் வெளிச்சம் போதவில்லை. என்னிடம் வந்திருந்தால் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டிருப்பேன். குறையாகச் சொல்லவில்லை. தொழில் புத்தி, கண் தானாக அங்கே போகிறது.

பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடையில் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து மாலைவரை ஆட்களை உட்காரவைத்து, "சிரிக்காதீங்க, வாயை மூடுங்க" என்று சொல்வதுதான் என் பிழைப்பு. பல் தெரிந்தால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். வீட்டுக்குப் போனால், யாரும் சொல்லாமலே அந்த விதியைக் கடைப்பிடிக்கும் ஒரு மனிதர். என் வீட்டுக்காரர்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். படிக்க வருகிறவர்கள் அவருக்கு 'பிரேக் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது படத்தில் ஒரு கார் வேகமாகப் போனால், அவர் வலது கால் தரையை அழுத்தும். நான் கொஞ்சம் உற்சாகமாகப் பேச ஆரம்பித்தாலும் அழுத்தும். எங்கள் கல்யாணப் படத்தில்கூட, யாரோ சிக்னலை மீறிப் போவதைப் பார்ப்பதுபோலத்தான் நிற்கிறார். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. சிரித்ததில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் இருந்த பெண் ரொம்பப் பொறுப்பானவள். மாத்திரையை நீட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"இதைப் போட்டா உடனே சாப்பிடணும் சார். சாப்பாடு லேட்டாகும்னா மாத்திரையும் லேட்டாகட்டும். போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா, அந்த வேளையை விட்டுடுங்க. ரெண்டு தடவை போட்டுடக் கூடாது. வேர்த்துக் கொட்டுறது, கை நடுங்குறது, சம்பந்தமில்லாம பேசுறது, இதெல்லாம் வந்தா சர்க்கரை இறங்குதுன்னு அர்த்தம். யோசிக்காம இனிப்பு ஏதாச்சும் வாயில போட்டு, அப்புறம் சாப்பிடுங்க. அம்மா, நீங்கதான் கூடவே இருந்து பாத்துக்கணும்."

"பாத்துக்கறேன்மா" என்றேன். கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

முதல் தடவை தற்செயல். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் மாத்திரையை விழுங்கிவிட்டு மேஜை முன்னால் உட்கார்ந்த நேரத்தில் கேஸ் தீர்ந்துபோனது. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். சமைத்துக்கொண்டு திரும்பி வந்தால், மனிதர் கரண்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். "இது ஏன் வளைஞ்சிருக்கு? ரிவர்ஸ் எடுக்கும்போது எங்கேயாச்சும் இடிச்சிருச்சா?" என்று கேட்டார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்து, "வாடி என் நாலுவழிச் சாலையே" என்றார்.

அதுவரை என்னை "இங்க பாரு" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். இங்க பாரு, குடை எங்கே. இங்க பாரு, லைட்டை அணை. நாலுவழிச் சாலை என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் சிரிக்க, அவர் சிரிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். அவர் நெற்றியெல்லாம் வேர்வை. எனக்குப் புரிந்தது. எழுந்து போய் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுவந்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கழித்துக் கொடுக்கலாமே என்று நின்றேன். அப்போது நான் நின்றது சிறிது நேரம்தான்.

குடித்துச் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் அவர் கால் பழையபடி தரையை அழுத்தியது. "ஏன் பல்லைக் காட்டிட்டிருக்க?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேஸ் தீரவில்லை. அடுப்பைக் குறைத்து வைத்தேன். பிறகு உப்பைத் தேடினேன். உப்பு என் கையிலேயே இருந்தது. வேலை நாளில் ஒருபோதும் இப்படிச் செய்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கார் ஓட்டுகிறவர், சாலையில் நாலு பேர் போவார்கள், எனக்கும் பொறுப்பு உண்டு. விடுமுறை நாளில் மட்டும்தான்.

அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று உங்களுக்குச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். ஒரு தடவை ஃபிரிட்ஜுக்கு ஓட்டுநர் தேர்வு வைத்தார். கதவைத் திறந்தால் லைட் எரிகிறது, ஆனால் இண்டிகேட்டர் போடவில்லை என்று ஃபெயில் பண்ணிவிட்டார். இன்னொரு தடவை துடைப்பத்தோடு கூடம் முழுக்க ஆடினார். அது வளைவில் சரியாகத் திரும்பவில்லை என்று என்னை இழுத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் வந்திருக்க வேண்டியதெல்லாம் வட்டியோடு வந்தது. ஞாயிறு வரும்வரை நான் கடையில் தரையில் கால் படாமல் நடந்தேன். முதலாளி, "என்னம்மா, புது மாப்பிள்ளை பாத்தாச்சா?" என்று கேலி செய்தார். ஆமாம் என்றேன்.

வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒரு விடுமுறைக்கு வந்தாள். அவள் வந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்பா சிரித்தார். அவளும் முதலில் சிரித்தாள். பிறகு அவர் முதுகில் கை வைத்துப் பார்த்தாள். சட்டை நனைந்திருந்தது. ஓடிப்போய் சர்க்கரையை அள்ளி வந்து அவர் வாயில் போட்டாள்.

"அம்மா, இது சிரிப்பு இல்லம்மா. மூளைக்குச் சர்க்கரை போகலை. ஏன் இவ்வளவு நேரம் சாப்பாடு வைக்கலை?"

"ரொட்டி கருகிடுச்சு, திரும்பப் போட்டேன்டி."

ஊருக்குப் போகும் முன் ஒரு பை மிட்டாய் வாங்கி வந்து, அவருடைய சட்டைப் பைகளிலெல்லாம் போட்டுவைத்தாள். "தலை சுத்தினா இதைப் போட்டுக்குங்கப்பா, யாரையும் கேக்க வேணாம்" என்றாள். நல்ல பெண், அப்பா மேல் உயிர். சட்டை துவைக்கும்போது மிட்டாய் ஒட்டிக்கொள்ளும் என்று நான் எடுத்துவிட்டேன். துவைக்காத சட்டைகளிலிருந்தும் எடுத்தேன்.

பிறகு ஒரு நல்ல விஷயம் நடந்தது. வேர்ப்பதும் நடுங்குவதும் நின்றுபோயின. சிரிப்பு மட்டும் வந்தது. அவர் உடம்புக்கு மருந்து பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அடிக்கடி சர்க்கரை இறங்கினால் உடம்பு எச்சரிப்பதை நிறுத்திவிடும் என்று இப்போது ஆஸ்பத்திரி டாக்டர் சொல்கிறார். அது அவருடைய கருத்து.

அவருக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். அரைகுறையாகத் தெரிந்திருக்கலாம். ஒரு திங்கட்கிழமை காலையில், "நேத்து நான் ஏதாச்சும் உளறினேனா?" என்று கேட்டார்.

"உளறலை. அழகா பேசினீங்க" என்றேன்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம், மாத்திரையும் சாப்பாடும் ஒழுங்காக முடிந்த பிறகு, அவராகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வகுப்பில் ஒரு பையன் ஹாரனுக்குப் பதில் வைப்பரைப் போட்ட கதையைச் சொன்னார். கதையின் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, உதட்டோரத்தை லேசாக நெளித்து, நான் சிரிக்கிறேனா என்று பார்த்தார். முயற்சி பண்ணினார், பாவம். ஆனால் அது அசல் சிரிப்பு இல்லை, மேடம். அசல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

இனி ஏரிக்குப் போன நாள். எங்கள் கல்யாண நாள் அது. கிளம்பும் அவசரத்தில், "காலையில மாத்திரை போட்டேனா?" என்று கேட்டார். போட்டிருந்தார். என் கண் முன்னால்தான் போட்டார். "இல்லையே" என்றேன். இன்னொன்று போட்டுக்கொண்டார். சாப்பாட்டுப் பெட்டி என் கையில் இருந்தது. அதைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன். காமிராவை மறக்கவில்லை.

மிதி படகு எடுத்தோம். அவர் மிதிக்க மிதிக்கச் சிரிப்பு பொங்கியது. எதிரே வந்த வாத்தைப் பார்த்து, "லைசென்ஸை எடு" என்றார். அது குவாக் என்றது. "குடிச்சிருக்கு" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். பக்கத்துப் படகில் இருந்த குழந்தைகள் உருண்டு உருண்டு சிரித்தன. இப்படி ஒரு அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று அந்தக் குழந்தைகளின் அம்மாகூட என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் எடுத்த படங்களிலேயே அன்று எடுத்தவைதான் நன்றாக வந்திருக்கின்றன. வெளிச்சம் அப்படி.

கரைக்கு வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்தார். "பசிக்குதுடி, கண்ணு இருட்டுது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"இன்னும் ஒரே ஒரு படம்" என்றேன்.

படம் எடுத்து முடிப்பதற்குள் தலை சாய்ந்துவிட்டது. தூங்குகிறார் என்று நினைத்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அப்படி நினைக்கவில்லை. மகள் வைத்த மிட்டாய்கள் என் கைப்பையில்தான் இருந்தன, பை என் மடியில்தான் இருந்தது. முகத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் மீதி இருந்தது, மேடம். வாயைத் திறந்து எதையாவது போட்டால் அது போய்விடும். அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படகுக்காரர் வந்து உலுக்கிப் பார்த்துச் சத்தம் போடும்வரை.

ஆகவே, மறதியில்லை, விபத்தில்லை. நான்தான் செய்தேன்.

அவர் இனி பழையபடி எழுந்து வரமாட்டார் என்கிறார்கள். மூக்கில் குழாய் போட்டிருக்கிறார்கள். கண் திறந்திருக்கிறது, யாரையும் தெரியவில்லை. ஆனால் நான் பக்கத்தில் போனால் உதடு விரிகிறது. அது சும்மா தசை இழுப்பது என்கிறாள் நர்ஸ். அந்தப் பெண்ணுக்கு அவரை எத்தனை நாளாகத் தெரியும்?

வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன். ஒரே ஒரு உதவி. ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் பண்ணி, நான் வந்து சேரும்வரை அவருக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.