ஒத்துக்கொள்ளாத சாப்பாடு

ரிசோட்டோ என்கிற இத்தாலியச் சோறு செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அரிசியை வெண்ணெயில் லேசாக வதக்கி, சூடான சூப்பைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பை விட்டு நகராத ஆள் ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். நான் நகர மாட்டேன்.

நீங்கள் கேட்டதால் முதலிலிருந்தே சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா.

என் மனைவி போய்ச் சேர்ந்தபோது பாப்பாவுக்கு ஏழு வயது. சோற்றை உருட்டி உருட்டித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பாள், வாயில் வைக்க மாட்டாள். நான் மருந்துக் கடைக்காரன். சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்துக் கொடுக்கத் தெரியும், சமைக்கத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உலக உருண்டையை அவள் முன்னால் சுழற்றிவிட்டு, "விரல வை பாப்பா. எந்த ஊர் வருதோ, இன்னைக்கு அந்த ஊர்ச் சாப்பாடு" என்றேன். விரல் மொராக்கோவில் நின்றது. கறியையும் உலர்ந்த பழத்தையும் சேர்த்து வேகவைப்பார்கள் என்று புத்தகத்தில் பார்த்துச் செய்தேன். அடி பிடித்துவிட்டது. ஆனாலும் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறியதில்லை. விரல் கடலில் விழுந்தால் மீன். பனிக்கண்டத்தில் விழுந்தால் ஐஸ்கிரீம். வேண்டுமென்றே உருண்டையின் அடியில் விரலை வைப்பாள், கள்ளி.

உலகம் என்று ஒன்று இருக்கிறது, அது ருசியாக இருக்கும் என்று அவளுக்குக் காட்டியது நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது.

வளர்ந்தாள். பாலங்களுக்கு வரைபடம் போடும் வேலை. முதலில் ஜப்பானிலிருந்து அழைப்பு வந்தது. எனக்குச் சந்தோஷம்தான். அன்று ராமென் செய்தேன், நூடுல்ஸ் போட்ட ஜப்பான் சூப். அவள் கிண்ணத்தில் மட்டும் வாந்தி வரவழைக்கும் சொட்டு மருந்தைக் கலந்தேன். மிகக் கொஞ்சம். எவ்வளவு விட வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா என்ன. ராத்திரி முழுக்க அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். காலையில் கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

"அந்த ஊர்ச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கல பாப்பா."

"சின்ன வயசுல நல்லாத்தானேப்பா சாப்பிட்டேன்?"

"உடம்பு மாறும்மா" என்றேன்.

பிறகும் சில தடவை செய்தேன். கடைசியில் அந்தச் சூப்பின் வாசனை வந்தாலே குமட்டுகிறது என்றாள். வேலையை வேண்டாமென்று எழுதிவிட்டாள். அடுத்து மெக்சிகோ. அதற்கு இரண்டு தடவையே போதுமானதாக இருந்தது. மெலிந்துவிட்டாள், அது உண்மைதான். டாக்டர் மனக்கவலை என்றார். "என் வயிறே எனக்கு எதிரிப்பா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். நடிப்பு என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவதாக இத்தாலி. இந்த முறை என்னிடம் கடைசி நாள்வரை சொல்லவில்லை. விமானச் சீட்டோடு வந்து நின்றாள். வழியனுப்ப என் அக்காவையும் கூட்டி வந்திருந்தாள். அக்கா வாய்த்துடுக்குக்காரி. இதயம் பலவீனம், மாத்திரையில்தான் வண்டி ஓடுகிறது. அந்த மாத்திரைகளை மாதாமாதம் எடுத்துக் கொடுப்பதும் நான்தான்.

"பொத்திப் பொத்தி வளர்த்து அவ வயித்தக் கெடுத்ததே நீதான் தம்பி" என்றாள், சமையலறை வாசலில் நின்றுகொண்டு. "தாயும் பிள்ளையும்னாலும் வாயும் வயிறும் வேற. விடு, போகட்டும்."

நான் கிளறிக்கொண்டிருந்தேன். மூன்று தட்டில் பரிமாறினேன். பாப்பாவின் தட்டில் வழக்கத்தைவிட அதிகமாகவே கலந்திருந்தேன். மறுநாள் காலை விமானம், லேசான குமட்டல் எதற்கு உதவும்?

பாப்பா கரண்டியை எடுத்தாள், கீழே வைத்தாள். "பயமா இருக்குப்பா. நாளைக்குக் கிளம்பணும்." தன் தட்டை அக்கா பக்கம் தள்ளினாள். அக்கா தன்னுடையதை ஏற்கெனவே முடித்திருந்தாள். "ருசியா செஞ்சிருக்கான், வீணாக்குவானேன்" என்று இழுத்துக்கொண்டாள்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'ஆறிப்போச்சுக்கா, வேற போட்டுத் தரேன்.' நாக்கின் நுனிவரை வந்தது. அப்போதுதான் யோசனை வந்தது: வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பாப்பா கிளம்ப மாட்டாள். அக்காவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

வாந்தி நிற்கவில்லை. பாப்பா ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனாள். "அஜீரணம்தான், கொஞ்சம் பொறு" என்று போனை வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு நானே கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அக்காவின் மூச்சு நின்றுவிட்டது. எல்லோரும் இதயம் என்றார்கள். நான் மறுக்கவில்லை. பாப்பா விமானச் சீட்டை ரத்து செய்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் சமையலறைக்குள் போனேன். பாப்பா பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். மீந்துபோன ரிசோட்டோவைச் சட்டியோடு எடுத்து, நின்றபடியே சில்லென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைசிப் பருக்கைவரை. சட்டியில் என்றைக்கும் நான் எதுவும் கலந்ததில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். குமட்டல் வருகிறதா என்று கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் காத்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகலையேப்பா."

நான் சட்டியைக் கழுவ எடுக்கப் போனேன்.

"என் தட்டுல மட்டும் என்ன போட்டீங்க?"

சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். எழுந்து, சட்டியைக் கழுவாமல் ஒரு பையில் போட்டுக் கட்டிக்கொண்டு உங்களிடம் வந்தாள்.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அக்காவைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. என்னை எடுத்து வளர்த்தவள்.

ஆனால் நேற்று நீங்கள் சொன்னீர்களே, பாப்பா இத்தாலி போய்ச் சேர்ந்துவிட்டாள், அங்கே நன்றாகச் சாப்பிடுகிறாள், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று, அதை மட்டும் கொஞ்சம் விசாரியுங்கள். உங்களுக்காகச் சொல்லியிருப்பாள். யாராவது பக்கத்தில் இருந்து கஞ்சி வைத்துக் கொடுக்க வேண்டும். வெளியூர்ச் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, அம்மா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.