கேத்தில் பிடிச்ச பொம்பிளை

இல்லை அண்ணை, பைப் ஒண்டும் ஒழுகேல்லை. ஒழுகுதெண்டு சொன்னாத்தானே பிளம்பர்மார் இண்டைக்கே வருவியள், அதாலை சொன்னனான். ஓம், போனிலை கதைச்ச றோசா நான்தான். கோவிக்காதேங்கோ.

பேஸ்மென்டுக்கை ஒரு குழாய் இருக்கு. ரோட்டிலையிருந்து சுவருக்குள்ளாலை வீட்டுக்குத் தண்ணி வாற குழாய். அது ஈயமோ எண்டு பாத்துச் சொன்னாக் காணும். இருங்கோ, உடனை இறங்காதேங்கோ. முதல் கதையைக் கேளுங்கோ.

அவளோ? றெபேக்கா, என்ரை மகள். எந்த நேரமும் மேசைக்குக் கீழைதான் விளையாட்டு. வணக்கமோ பொஞ்சூரோ சொல்லு எண்டாலும் சொல்லாள். வெக்கம்.

நான் மியூசியத்திலை வேலை அண்ணை. படத்துக்குக் கிட்டப் போகாதேங்கோ எண்டு சனத்தை மறிச்சுக்கொண்டு நிக்கிற வேலை. இப்ப பழைய லண்டன் பகிடிப் படங்கள் வைச்சிருக்கினம். விக்டோரியா மகாராணி காலத்திலை கீறினது. எல்லாம் குடிதண்ணியைப் பற்றித்தான். ஊர்க் கக்கூசுத் தண்ணி முழுக்க ஆத்துக்கை, பேந்து அந்த ஆத்துத் தண்ணியே வீட்டுக் கோப்பைக்கை. கேக்க ஆளில்லை, அப்ப படம் கீறி நக்கலடிச்சிருக்கிறாங்கள். ஒரு படத்திலை, தண்ணிக் கொம்பனி முதலாளி கிளாசைத் தூக்கிக் காட்டுறார், பாருங்கோ எவ்வளவு சுத்தம் எண்டு. உள்ளுக்கை வால் முளைச்ச சாமானுகள் தொப்பியைக் கழட்டி அவருக்கு வணக்கம் வைக்குதுகள். முதல் நாள் நான் வயிறு நோகச் சிரிச்சனான்.

அதுக்குப் பக்கத்திலைதான் அந்தப் பொம்பிளை. தலையிலை லேஸ் தொப்பி, நல்ல சட்டை. கேத்திலைச் சரிச்சுப் பிள்ளையின்ரை கோப்பைக்கு வாக்கிறாள். முகத்திலை அப்பிடியொரு நிம்மதி. கேத்தில் ஆவியிலை சின்னச் சின்ன எலும்புக்கூடுகள் கைகோத்து ஆடுதுகள், அவள் காணேல்லை. அதுக்கு முன்னாலை நிண்டுதான் சனம் கனக்கச் சிரிக்கிறது.

போன கிழமை, படங்களை விளக்கிச் சொல்லுற பெட்டை பள்ளிக்கூடப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்தவள். பிரெஞ்சிலை சொல்லுறாள், சிரிக்காதேங்கோ, எங்கடை மொன்றியலிலையும் பழைய வீடுகள் கொஞ்சத்துக்கு இன்னும் ஈயக் குழாயாலைதான் தண்ணி வருது எண்டு. கிருமியெண்டால் கொதிக்க வைச்சாச் சாகும், ஈயம் போகாதாம். தண்ணிதான் வத்தும், அது அப்பிடியே நிக்கும். சின்னப் பிள்ளையளின்ரை மூளைக்குத்தான் கூடாதாம்.

நான் திரும்பி அந்தக் கேத்தில் பொம்பிளையைப் பாத்தனான் அண்ணை.

நாங்கள் மன்னார் ஆக்கள். பச்சைத் தண்ணியைப் பிள்ளைக்குக் குடுத்தா எங்கடை வீட்டிலை கொலைக்குற்றம். நான் இன்னும் ஒருபடி மேலை. அவளின்ரை தண்ணியை அரைவாசி வத்தும்வரை கொதிக்க விடுவன். காலமையே பிளாஸ்கிலை ஊத்தி வைச்சு, அதிலைதான் நாள் முழுக்கப் பால்மா கரைக்கிறது. டனிஸ்ரன், என்ரை மனுசன், இது கனடா, உனக்கென்ன விசரோ எண்டு பகிடி பண்ணுவார். நான் கேத்தில் அடியிலை படிஞ்ச வெள்ளையைக் காட்டி, பாத்தியளே, ஊத்தையெல்லாம் கீழை போட்டுது எண்டு பெருமையடிப்பன். அவருக்கு இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. எந்த வாயாலை சொல்ல?

ஓம், இது அந்தக் காலத்து வீடு. முந்தி டொலார்ட் எண்ட இடத்திலை இருந்தனாங்கள், புது வீடு. இவள் வயித்திலை இருக்கேக்கைதான் வேலைக்குக் கிட்ட எண்டு இந்தப் பார்க் எக்ஸ்ரென்சன் பகுதிக்கு மாறினது. மாறுவம் எண்டு நிண்டதும் நான்தான்.

ஈயமெண்டால் சுரண்டின இடம் வெள்ளிமாதிரி மினுங்குமாமே? ஓமோ? கதவுத் திறப்பாலையே சுரண்டலாமோ? நானும் திறப்போடை இறங்கினனான் அண்ணை, எத்தினையோ தரம். குழாயைக் கண்டவுடனை கை போகுதில்லை. மினுங்கினா நான் என்ன செய்ய?

சரி, வாங்கோ. படி கவனம், டோர்ச்சைப் பிடியுங்கோ. உந்தா, மீட்டருக்குக் கீழை தெரியுது.

என்ன, அவளும் பின்னாலை வாறாளோ? பேரைக் கேக்காதேங்கோ அண்ணை, சொல்லமாட்டாள். வெக்கமெண்டு நான் சும்மா சொன்னனான். எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுறது. மூண்டு பாஷை கேக்கிற பிள்ளை, பிந்தித்தான் கதைக்கும் எண்டு சனமும் சொல்லுது. நானும் நம்பிக்கொண்டு இருந்தனான். மூண்டு வயசு முடிஞ்சுது. இன்னும் என்னை அம்மா எண்டு கூப்பிடேல்லை.

சுரண்டுங்கோ.