தாய்மாமன் கக்கத்தில் காது ஸ்கேன்

ஹலோ… ஹலோ! அண்ணே, சுருளியாண்டி அண்ணே! நான் மாயக்கா பேசுறேன்… ஆமா, தேனி ஆஸ்பத்திரியிலதான். காமயகவுண்டன்பட்டியில மொத பஸ்ஸு ஏறி வந்துட்டோம்… அதெல்லாம் அப்புறம் விசாரிக்கலாம். மாரியோட காது ஸ்கேன் படம் எங்கன? பாத்துட்டுத் தர்றேன்னு கோம்பைக்குக் கொண்டு போனியே, அது…

ஆமா… ஆமா… ஆமாண்ணே, நீதான் தாய்மாமன். யாரு இல்லன்னா? … ஆமா, ஒம் மடியில உக்கார வச்சுத்தான் எம் மக மாரிக்குக் காது குத்துனோம். கெடா வெட்டுனோம். கம்மல் நீதான் போட்ட. அன்னையிலருந்து அந்தக் கம்மலப் பத்தியே பேசுற. இன்னிக்கு ஒரு நாளு காதப் பத்திப் பேசுவமா?

இந்தா கேளு. பிள்ளைக்குப் பச்சைக் கவுனு மாட்டியாச்சு. காதுக்குப் பின்னாடி முடி செரச்சாச்சு. கையில ஊசி குத்தி ஒட்டி வச்சிருக்காக. டாக்டரு வந்து படம் எங்கம்மாங்கிறாக. நான் முழிக்கிறேன், திருடி மாதிரி…

ரிப்போர்ட்டு பேப்பரு இருக்கு. பேப்பர மட்டும் வச்சு எப்பிடிண்ணே அறுக்கிறது? டிரில்லு போட்டு எலும்பக் கொடையப் போறாக… ஆமா, டிரில்லேதான். நீ தோட்டத்துல போர் போட எத்தன பேரக் கூட்டியாந்து நீரோட்டம் பாத்த? உள்ளங்கையில தேங்காய வச்சுக்கிட்டுத் தோட்டம் பூராம் நடக்க விட்டியே! இது பிள்ள மண்டைண்ணே.

…அங்கயும் கேட்டாச்சு. ஸ்கேன் எடுத்த எடத்துல கம்ப்யூட்டரு மக்கர் பண்ணுது, நாளைக்கு வாங்கன்னுட்டாக. நாளைக்கு இந்த டாக்டரு மதுரைக்குப் போயிருவாக. இனி அடுத்த மாசந்தான்.

…வாட்சாப்புல அனுப்புனியே, அதையும் காட்டுனேன். டியூப்லைட்டும் ஒங் கட்டவெரலும் தெளிவா விழுந்திருக்குன்னாக.

என்னது? … வெள்ளையா இருக்கிறது பூராம் சீழா? யாரு சொன்னா? … நாய் யாவாரியா? கோம்பை நாய்க்குக் காது பாக்குற ஆளா! அட கூத்தே! வெள்ளையா இருக்கிறது எலும்புண்ணே, அது இருக்கணும். டாக்டரு எனக்கே தொட்டுக் காட்டிச் சொன்னாக. நல்ல காதுப் பக்கம் பாரு, தேனடை மாதிரி ஓட்டை ஓட்டையாக் கருப்பா இருக்கும். காத்து இருக்கிற எடம். சீக்குக் காதுல அந்த ஓட்டையெல்லாம் சாம்பலா அடைச்சுக் கெடக்கும். உள்ள தோலு தப்பா வளந்து எலும்பையே அரிச்சுருச்சாம். முகத்துக்குப் போற நரம்பு மேல எலும்பு எங்கன போயிருச்சு, எங்கன மிச்சம் இருக்குன்னு படத்தப் பாத்துத்தான் கை வைப்பாக…

அதத்தாண்ணே நானும் கத்துறேன்! முகம் கோணிரக் கூடாதுன்னுதான் படம் கேக்குறாக! … ஒம் மகனுக்கு அவளக் கட்டி வைக்கிறது இருக்கட்டும், முதல்ல பிள்ள பொழைக்கட்டும். இன்னும் விட்டா மூளைக்கு ஏறிரும்ங்கிறாக… பூண்டெண்ணெயா? ஒம் பேச்சக் கேட்டு அவ காதுல தாளிச்சதெல்லாம் போதும்.

இந்தா வந்துட்டேன் சிஸ்டர்… எங்க அண்ணந்தான்… படம் அவுககிட்டதான்… ஒரே நிமிசம்…

கேட்டியா? இப்ப வரலைன்னா அடுத்த ஆள உள்ள கொண்டு போயிருவாகளாம். நீ கோம்பையில பஸ் ஏறி என்னைக்கு வந்து சேர… என்னது? … கேட்டா? எந்தக் கேட்டு? … இந்த ஆஸ்பத்திரி கேட்டுலயா நிக்கிற!

விடிஞ்சதுலருந்தா? … படம்? … கக்கத்துல இருக்கா!

ஏண்ணே, அப்ப உள்ள வர வேண்டியதுதான? … யாரு வந்து கூப்புடணும்? … எம் புருசன் வந்து முறையாக் கூப்புடணுமா? இது என்ன சடங்கு வீடா? கொட்டடிச்சு, மாலை போட்டு ஆப்பரேசன் தியேட்டருக்குக் கூட்டிப் போகவா? … மருந்து வாங்க அவுக வெளிய போனாகளே, ஒன்னத் தாண்டித்தான போயிருப்பாக? … பாத்தும் பாக்காத மாதிரிப் போனாகளா? நீ? … நீ செவுத்தப் பாத்தியாக்கும். நல்லா இருக்கு ரெண்டு பேரு ரோசமும்.

சரி, நான் வந்து கூப்புடுறேன்… ஏன், பொம்பள கூப்புட்டா ஆகாதா? ஒந் தோட்டத்துல திராட்சை வெட்ட ஆள் வரலைன்னா மட்டும் இந்தப் பொம்பள வேணும்… சரி, சரி, சண்டை வேணாம். கும்புடுறேண்ணே. போன்லயே கும்புடுறேன். வந்துரு…

ஏத்தா மாரி! எங்கத்தா போற? எந்திரிக்கக் கூடாதுன்னாகள்ல… ஏத்தா! செருப்பையாச்சும் மாட்டு!

அண்ணே, பிள்ள வருது. ஊசி குத்துன கையத் தூக்கிக்கிட்டு அதுவே வருது… ஆமா, நம்ம மாரிதான். ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒந் துண்டும் தெரியுது… சிரிக்காதண்ணே, ஒன்னக் கூப்புட வரல அவ…

ஆங்! உருவிட்டா! கக்கத்துலருந்து உருவிட்டா! … என்ன? மாமான்னு ஒரு வார்த்த சொல்லலையா? … கூப்புடக் கூப்புடத் திரும்பாமப் போறாளா?

மருவாதை தெரியாம இல்லண்ணே. நீ நின்னு கத்துறது சீக்குக் காதுப் பக்கம். அதுல விழாது. அதுக்குத்தான அறுக்கப் போறாக… நீ அங்கனயே நில்லு, அவுக மருந்து வாங்கிட்டு வரட்டும். சிஸ்டர், இந்தா, படம் வந்துருச்சு!