தொட்டில் கம்பி போட்ட தியேட்டர்

அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன் நான். கல்லுக்காட்டுல கிணறு வெட்டித் தண்ணி பாத்தேன். சூலூர்ல தறிக்குடோன் போட்டேன். உன்னால ஆகாதுன்னு ஊரே சொன்னப்ப சினிமா தியேட்டரையும் கட்டிப்போட்டேன். இப்ப அது கல்யாண மண்டபம்.

நேத்து காந்திபுரம் பஸ்ஸுல எனக்கு முன்சீட்டுல ரெண்டு பொம்பளைக. மூத்தவ சொன்னது காதுல விழுந்துச்சு.

"நான் மொதமொதல்ல ஒரு படத்தை முழுசாப் பாத்தது, எம்புள்ளையத் தொட்டில்ல போட்டுத்தான்."

"ஏனுங்கக்கா, தியேட்டருக்குள்ள ஏதுங்க தொட்டில்?"

"சூலூர்ல பழைய தியேட்டர்ல, பொம்பளைக பக்கம் பின்னால உசரமா கம்பி போட்டிருந்தாங்க கண்ணு. சேலையக் கட்டிப் புள்ளையப் போட்டுருவோம். எந்தப் புள்ளை அழுதாலும் பக்கத்துல இருக்கறவ ஆட்டி உடுவா, பார்வை மட்டும் திரையிலயே இருக்கும். வாரம் பூராத் தறி ஓட்டற எனக்கு, என்னைய ஆரும் கூப்புடாத நேரம் அது ஒண்ணுதான்."

"எந்த மவராசன் போட்டாரோ!"

"மவராசனா? ஆம்பளைக்கு இந்த யோசனை வருமா அம்மணி? ஓனர் சம்சாரந்தான் சொல்லியிருக்கும். அந்தம்மா நல்லா இருக்கோணும்."

யோசனை எம்பொண்டாட்டியோடதுதான். அவ கண்ணை மூடி நாளாச்சு. முகந்தெரியாத ஒருத்தி அவளை வாழ்த்தறதைக் கேட்டு எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு.

ஆனா ஒண்ணுங்க. ஏணியில ஏறி அந்தக் கம்பியைச் செவுத்துல இறுக்குனது நான். ஒரு புள்ளைகூட கீழ விழுந்ததில்லை. அவளை வாழ்த்தறவங்க என்னையும் ஒரு வார்த்தை சேத்துச் சொல்லோணுமுங்க.